கட்டைவிரலில் துடித்தது

பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி எல்லா டீச்சர்களும் சொன்னது ஒரே சொல்தான்: சுமார். நான் ஃபெயில் ஆனதில்லை. யாரும் என்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்ததும் இல்லை. பாதிப் பேருக்கு என் பெயரே ஞாபகம் இருக்காது. "ஏய், மூணாவது பெஞ்ச்" என்பார்கள். சமையலும் எனக்குச் சுமார், தையலும் சுமார். கல்யாண போட்டோவில்கூட நான் சுமாராகத்தான் இருக்கிறேன் என்று என் மகள் சொல்வாள்.

இப்படிப்பட்ட நான் நாற்பதைத் தொடப்போகிற வயதில் நர்சிங் படிக்கப் போனேன். என்ன திடீர் ஆசை என்று கேட்டவர்களிடம் எல்லாம், சும்மா வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லி வைத்தேன். உண்மையான காரணம் என் அம்மா.

அம்மா கடைசியில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஒரு மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டவள், நான் டம்ளரோடு வருவதற்குள் சாய்ந்துவிட்டாள். கண் செருகிவிட்டது. என் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை விட்டுவிட்டு அப்போதுதான் சாப்பிட வந்திருந்தார். இருவருமாக அம்மாவைத் தூக்கி வேனின் பின் சீட்டில் படுக்கவைத்தோம். தலை என் மடியில். அவள் மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடிப்பதை எங்கேயோ பார்த்த ஞாபகம், அவ்வளவுதான்.

"இருக்கா?" என்று முன்னாலிருந்து கேட்டார்.

"இருக்குங்க. போங்க."

வழி முழுக்க அதே கேள்வி, அதே பதில். ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் லாரி, பின்னால் பஸ், திரும்பவும் முடியாது. அவர் என்ஜினை அணைத்தார். வண்டி ஆட்டம் நின்றதும் என் கட்டைவிரலுக்கு அடியில் அது நன்றாகத் தெரிந்தது. ஒன்று வரும். அடுத்தது வரும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வரும்.

"இருக்கா?"

"இருக்கு."

ரயில் போய், கேட் தூக்கி, வண்டி மறுபடி குலுங்க ஆரம்பித்த பிறகு எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் இருக்கு இருக்கு என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற நர்ஸ் நல்ல பெண். என் தோளைத் தொட்டு, "வீட்ல இருந்து கெளம்புறப்பவே போயிருக்கும்மா. நீங்க பறந்து வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றாள்.

என் கணவர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். துக்கம் விசாரிக்க வந்த எல்லோரிடமும், "கெளம்புறப்பவே போயிட்டாங்க" என்றார். நான் வேறொன்றைப் பிடித்துக்கொண்டேன். அந்த நர்ஸுக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, பாதி வழி வரைக்கும் அம்மா என் கையில் இருந்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தை நான் சுமாராகச் செய்யவில்லை. கையை விடவில்லை. அவர் சொல்வதையும் நான் நினைப்பதையும் நாங்கள் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் காலேஜில் சேர்ந்தேன். படிப்பு வராவிட்டாலும் கைக்கு வேலை வரும் என்று நம்பினேன்.

வகுப்பில் எல்லாம் என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்த பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் முதல் நாள் எழுந்து நின்றார்கள், டீச்சர் என்று நினைத்து. பக்கத்தில் உட்கார்ந்தது ஒரு சின்ன உருவம். ஆள் சிறுசு, பேச்சு காரம். எல்லோரும் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். லேப் மேடத்துக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. மற்றவர்களை "வாடி போடி" என்பவர், என்னிடம் மட்டும், "உங்களுக்கு மூளை இருக்காங்க?" என்று மரியாதையாகத் திட்டுவார்.

எலும்புகளின் பெயர் மனதில் நிற்காது. மருந்தின் அளவுக் கணக்கு வரவே வராது. டெஸ்ட் பேப்பர் கொடுக்கும்போது நடுவில்தான் என்னுடையது இருக்கும். வீட்டில் மகள், "எத்தனாவதும்மா?" என்று கேட்பாள். "பாதிப் பேருக்கு மேல, பாதிப் பேருக்குக் கீழ" என்பேன். "பரம்பரை மானத்தைக் காப்பாத்திட்ட" என்பாள்.

அதெல்லாம் எனக்குப் பழகியதுதான். நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்த அன்றைக்குத்தான் விஷயம் வேறு மாதிரி ஆனது.

லேபில் ஒரு பொம்மை உண்டு. ஆள் உயரத்துக்கு, ரப்பர் தோலோடு, கட்டிலில் படுத்திருக்கும். பிள்ளைகள் அதற்கு வைத்த பேர் பெரியம்மா. கையில் ஒரு குழாய் செருகி, மறுமுனையில் இருக்கும் பந்தை யாராவது அமுக்கினால் மணிக்கட்டில் துடிக்கும். மேடம் அதன் கையைத் தூக்கிப் பிடித்து மூன்று விரலை வைத்துக் காட்டினார்.

"இந்த மூணு விரல்தான். கட்டைவிரலை வைக்கவே கூடாது. ஏன்?"

எல்லோரும் அவரவர் கட்டைவிரலைப் பார்த்தோம்.

"கட்டைவிரலுக்குன்னு தனியா ஒரு துடிப்பு உண்டு. அதை வெச்சீங்கன்னா உங்க பல்ஸை நீங்களே எண்ணிட்டு, பேஷண்ட் ஜோரா இருக்கார்னு எழுதிட்டு வருவீங்க."

"அப்ப செத்தவருக்கும் பல்ஸ் இருக்குமா மேடம்?" என்றாள் கடுகு.

"நீ பிடிச்சுக்கிட்டு இருக்கற வரைக்கும் இருக்கும்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கடுகு என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அன்னிக்கு நீ பாத்தது உன்னோடதா?"

"அப்படித்தான் இருக்கணும்."

"அதான் அந்த நர்ஸே சொன்னுச்சே. கெளம்புறப்பவே போயிட்டாங்கன்னு." ஒரு பெருமூச்சு விட்டார். நிம்மதிப் பெருமூச்சு. எனக்கு வந்த கோபத்தில் அந்த டம்ளரை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டேன். அதில் பாதி டீ இருந்தது.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது.

எதைத் தொட்டாலும் துடித்தது. ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தால் துடிக்கும். பஸ் கம்பியில் துடிக்கும். குழாயைத் திறக்கக் கை வைத்தால், இரும்புக்குள்ளிருந்து யாரோ மெதுவாகத் தட்டுவது மாதிரி இருக்கும். அம்மா படுத்திருந்த அறையில் கட்டிலின் மரச்சட்டத்தைத் துடைக்கப் போனவள், துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டு நடக்கப் பழகினேன். உள்ளங்கையில் அது அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு குருவியைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி.

ஒருநாள் லேபில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தனியாகப் போய் பெரியம்மாவின் கையைப் பிடித்தேன். மூன்று விரல், சொல்லிக்கொடுத்தபடியே. குழாய் கழற்றிக் கிடந்தது, பந்து அலமாரியில் இருந்தது. ஆனாலும் துடித்தது. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். துடித்தது. பொம்மையின் கண் பாதி மூடியிருக்கும், வாய் கொஞ்சம் திறந்திருக்கும். என் மடியில் கிடந்த முகமும் அப்படித்தான் இருந்தது. அதன் கையை மெதுவாகக் கீழே வைத்துப் போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்தேன். சாப்பிட முடியவில்லை.

வார்டில் எனக்கு இரண்டு வியாதி. சில நோயாளிகளின் கையைப் பிடித்தால் ஒன்றுமே தெரியாது. சிலருக்குத் தெரியும், ஆனால் அது அவர்களுடையதா என்னுடையதா என்று சந்தேகம் வந்துவிடும். எண்ணிக்கொண்டே போவேன், பாதியில் என் நெஞ்சைக் கேட்க ஆரம்பிப்பேன், கணக்குப் போய்விடும். முதல் பிராக்டிகலில் ஒரு அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றேன், நின்றேன். அந்த அம்மாளே பயந்துபோய், "ஏம்மா, எனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டாள்.

"எவ்வளவு?" என்றார் மேடம்.

"தெரியல மேடம்."

"தோராயமா?"

"இருக்கான்னே தெரியல மேடம்."

என்னை வெளியே கூப்பிட்டுப் போய்ப் பேசினார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "எழுத்துல நீங்க பாஸ். மத்த எல்லாம் ஓகே. லேப்ல முதல் வாரம் சொல்லித் தர்ற விஷயம் இது, இதுவே வரலைன்னா நான் உங்களை எப்படி வார்டுக்கு அனுப்புறது? இன்னொரு தடவை உண்டு. அதுலயும் இப்படின்னா என் கையில ஒண்ணும் இல்லைங்க."

வீட்டுக்கு வரும்போது வேனில் கணவரிடம் அதைச் சொன்னேன். அம்மா போனதிலிருந்து அவர் அந்த கேட் வழியாக வருவதில்லை. பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் வருவார். கேட்டால், "கேட்ல நின்னா டீசல் வேஸ்ட்" என்பார். பாலம் சுற்றினால்தான் டீசல் அதிகம் என்பது அவருக்கும் தெரியும்.

"விட்டுடட்டுமா?" என்றேன்.

"எதை?"

"படிப்பை. சுமாரா இருக்கறவங்க வேற ஏதாவது சுமாரான வேலை பாக்கலாம். இதுல சுமாரா இருந்தா ஆள் செத்துப்போயிடும்."

அவர் கியரை மாற்றினார். "நான்கூட சுமாரான டிரைவர்தான். இத்தனை வருஷமா பிள்ளைங்கள பத்திரமா எறக்கி விடுறேன்ல?" என்றார். பிறகு இடது கையை நீட்டினார். "இந்தா, என்னைப் பாரு. உயிரோட இருக்கேனா சொல்லு."

தினமும் சாயங்காலம் அவர்தான் எனக்கு நோயாளி. சோபாவில் சாய்ந்து நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடப்பார். மகள் செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு மூளைதான் இல்ல, பல்ஸ் இருக்கும், தைரியமா தேடு" என்பாள். எண்ணிச் சொல்வேன். சரியாகவும் இருக்கும், தப்பாகவும் இருக்கும். சரியாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. என் விரல் ஏற்கெனவே ஒரு தடவை என்னிடம் பொய் சொல்லியிருக்கிறது. இருக்கு இருக்கு என்று வழி முழுக்கச் சொல்லவைத்திருக்கிறது. அதை எப்படி மறுபடி நம்புவது?

வழி கிடைத்தது லிஃப்ட் ரிப்பேர் ஆனதால்தான்.

வார்டு மூன்றாவது மாடி. எனக்கு லேட் ஆகிவிட்டது. இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிப் போய், மூச்சு இரைக்க, கண்டபடி வியர்த்து, முதல் கட்டிலில் இருந்த ரிட்டயர்ட் போஸ்ட்மேனின் கையைப் பிடித்தேன். என் நெஞ்சு காதுக்குள் வந்து அடித்துக்கொண்டிருந்தது, தடதடவென்று. ஆனால் விரலுக்கு அடியில் ஒன்று மெதுவாக, அதன் பாட்டுக்கு, வேறொரு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. என் அவசரத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம் இரண்டு விதமாக ஓடுகிற மாதிரி இருந்தது. இது என்னுடையது இல்லை என்று அன்றைக்குத்தான் முதல் தடவை சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"என்னம்மா, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறே?" என்றார் அவர். "அவ்ளோ மோசமா?"

"இல்லீங்க ஐயா. ரொம்ப நல்லா இருக்கு."

அதிலிருந்து அதுவே என் வழக்கம் ஆனது. நாடி பார்க்கப் போவதற்கு முன்னால் மாடிப்படியில் ஓடி இறங்கி ஏறுவேன். லிஃப்ட் சரியான பிறகும் படிதான். என் இதயத்தை விரட்டிவிட்டுவிட்டால், மற்றவர்களுடையது தனியாகத் தெரிந்துவிடும். இதை மேடத்திடம் சொல்லவில்லை. புத்தகத்தில் இல்லாத வழி, என்ன சொல்வாரோ என்று பயம். கடுகு மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாவது பிராக்டிகல் அன்று படியின் கீழே என் பையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நீங்க பரீட்சைக்கு வந்தீங்களா, ஓட்டப்பந்தயத்துக்கு வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான். தள்ளு."

பரீட்சை வைக்க வெளியிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். கண்ணாடி போட்ட, தலை நரைத்த, அதிகம் பேசாதவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓடி வந்தீங்களா? உக்காந்து தண்ணி குடிச்சிட்டு ஆரம்பிங்க."

"வேணாம் மேடம். மூச்சு அடங்கிடும்."

அவருக்குப் புரியவில்லை. சரி என்று கட்டிலைக் காட்டினார். படுத்திருந்தது ஒரு தையல்காரர். விரல் நுனியெல்லாம் ஊசிக் காய்ப்பு. கையைப் பிடித்தேன். என் நெஞ்சு குதிரை மாதிரி ஓடியது. அவருடையது நடந்தது. எண்ண ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அது நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது. நாலைந்து ஒழுங்காக வந்து, மறுபடி ஒரு இடம் காலி. மறுபடி நான் காத்திருந்தேன். வந்தது.

இந்தக் காத்திருப்பை எனக்குத் தெரியும். கேட்டில், என்ஜின் அணைந்த வேனில், என் கட்டைவிரல் இப்படித்தான் காத்துக்கொண்டிருந்தது. ஒன்று வந்து, அடுத்தது வருமா வராதா என்று. அன்றைக்கு எனக்கு இருந்த பயத்துக்கு என் இதயம் இப்போது ஓடுவதைவிடப் பல மடங்கு ஓடியிருக்கும். என்னுடையது என்றால் நான் எதற்குக் காத்திருக்க வேண்டும்? தடதடவென்று அடித்திருக்குமே. அது மெதுவாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் அவ்வளவு இடம் இருந்தது.

அது என்னுடையது இல்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் எக்ஸாமினர்.

எண்ணிக்கையைச் சொன்னேன். "நடுநடுவுல ஒண்ணு விட்டுப்போகுது மேடம். ஒரே ஒழுங்கா இல்ல."

அவர் வந்து பிடித்துப் பார்த்தார். வாய்க்குள் எண்ணினார். "ஆமா. அவருக்கு இருக்கு அது" என்றார். "நிச்சயமா சொல்றீங்களே. உங்க மேடம் வேற மாதிரி சொன்னாங்க." அவ்வளவுதான். மார்க் சுமாராகத்தான் போட்டார், கை கழுவ மறந்துவிட்டேன் என்று. ஆனால் பாஸ். வெளியே வந்து நான் சொன்னதும் கடுகு குதித்த குதியில் என் பை கீழே விழுந்து சாப்பாட்டு டப்பா உருண்டது.

கணவர் வேனோடு வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "அப்ப இனிமே வீட்ல எனக்கு ஊசி போடுவியா?" என்றார். சிரித்தேன். ஆனால் உள்ளே வேறொன்று கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா இருந்தாள். நான் சொன்னது பொய்யில்லை. விரல் என்னை ஏமாற்றவில்லை. அவரிடம் சொல்லிவிட வேண்டும், இப்போதே, வீடு போய்ச் சேர்வதற்குள்.

பாலத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. தடுப்பு வைத்து எல்லா வண்டியையும் கேட் பக்கம் திருப்பிவிட்டார்கள். அவரும் திருப்பினார். கேட் மூடியிருந்தது. என்ஜினை அணைத்தார்.

வண்டி அமைதியானது. நான் முன் சீட்டில், அவர் பக்கத்தில். பின்னால் அந்த நீளமான சீட் காலியாக இருந்தது.

அவரே இடது கையை நீட்டினார். "இந்தா. நர்ஸம்மா பாருங்க."

மூன்று விரலை வைத்தேன். எனக்கு இப்போது ஓட வேண்டியிருக்கவில்லை, விரலுக்கு நன்றாகவே தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு இருக்கவேண்டிய வேகம் இல்லை அது. மாடிப்படி ஏறி வந்தவன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் தண்டவாளத்தைப் பார்த்தபடி அமைதியாக இருந்தது.

"ஏம்மா."

"ம்?"

"அன்னிக்கு... அது உன் விரல்தானே? உங்க மேடம் சொன்னாங்கன்னியே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் விரலுக்குக் கீழே அது இன்னும் வேகமாக ஓடியது. பாலம் சுற்றிய நாட்களெல்லாம் எதற்கென்று எனக்குப் புரிந்தது: அன்றைக்கு இந்த வழியாக வராமல் இருந்திருந்தால் என்று. இங்கே நின்ற நேரம் முழுவதும், இருக்கு இருக்கு என்று நான் பின்னாலிருந்து சொன்னதை அவர் மறக்கவே இல்லை. கிளம்பும்போதே போய்விட்டாள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தனக்கு ஒரு தடவைகூட நம்பிக்கையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா இருந்தாள். இங்கே இருந்தாள். இந்த கேட்டில் இருந்தாள்.

"ஆமாங்க" என்றேன். "என்னோடதுதான்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கையை எடுக்கவில்லை, நானும் விடவில்லை. ரயில் வந்தது, வண்டி முழுக்க அதிர்ந்தது. அது போய் முடிந்த பிறகு, விரலுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. ஓட்டம் நடையானது. நடை நிதானமானது.

கேட் தூக்கினார்கள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் சாவியைத் திருப்பினார். தினமும் சோபாவில் கேட்கிற அதே விளையாட்டுக் குரலில்,

"இருக்கா?" என்றார்.

"இருக்குங்க. போங்க."

சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் அது காதில் விழுந்தது. வண்டி தண்டவாளத்தில் ஏறிக் குலுங்கியது. நான் பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பின்னால் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.